கண்ணாடிக்குள் நாலு வீடு

ரூபினி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பனிக்குள் இருந்து. அன்று மேல்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து நிரையில் நிற்பவள் முகம்கூடத் தெரியாத பனி. கீழே சாலையிலிருந்து என் தம்பி இருளப்பன் கத்தினான்.

"அக்கா! பொம்பளப் புள்ள! பேரு ரூபினி!"

ஆள் தெரியவில்லை, குரல்தான் ஏறி வந்தது. எனக்கு வந்ததே கோபம். எங்கள் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவள் பெயரைத்தான் வைப்போம். எங்கள் அம்மா பெயர் மாரியம்மா. நான் பிறந்தபோது எனக்கு வைத்ததும் அப்பாவைப் பெற்றவள் பெயர்தான்.

"யாரு வீட்டுப் பேருடா அது?" என்று நானும் பனியைப் பார்த்துக் கத்தினேன்.

"தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில துளசிக்குப் பிரசவம் பாத்த மிஸ்ஸி பேருக்கா! துளசி ஆசப்பட்டுட்டா!"

துளசி அவன் மனைவி. மலையடிவாரத்துத் தாப்பா ஊர்க்காரி. என் கொழுந்தன் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவள் ஒன்றை நினைத்துவிட்டால் மாற்ற முடியாது என்று அந்தப் பக்கத்துச் சனம் எல்லாருக்கும் தெரியும். நான் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டேன்.

பெயர்தான் புதிது என்று பார்த்தால் பிள்ளையும் எங்கள் வீட்டில் இல்லாத தினுசு. ஓர் இடத்தில் இருக்காது. தொட்டிலில் போட்டால் காலால் உதைத்துத் தொட்டிலையே சுவர் வரைக்கும் கொண்டு போகும். அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய புதிதில் ஒரு பெருமழை வந்தது. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த கீழ் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து எங்களை எல்லாம் கோயில் மண்டபத்துக்குப் போகச் சொன்னார். பாயும் போர்வையுமாகப் போனோம். அங்கே யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை. ஆனாலும் முதல் வீட்டுக்காரர்கள் சுவரோரம் பாய் விரித்தார்கள், அதற்குப் பக்கத்தில் இரண்டாவது வீட்டுக்காரர்கள், அப்புறம் நாங்கள், அப்புறம் இருளப்பன் வீடு. லயத்தில் எப்படியோ மண்டபத்திலும் அப்படியே. விளக்கு இல்லாவிட்டாலும் கையை நீட்டினால் யார் கால் தட்டுப்படும் என்று தெரியும். தோட்டத்தில் ஆளுக்கு அடையாளமே அதுதான். 'கீழ் லயத்து நாலாவது வீடு' என்று சொன்னால் போதும், பெயர் தேவையில்லை.

ரூபினி மட்டும் எந்தப் பாயிலும் தங்கவில்லை. ஒருவர் பாயில் சாப்பிடுவாள், இன்னொருவர் பாயில் உருளுவாள், சாமி சந்நிதிப் படியில் போய்த் தூங்குவாள். துளசி அவளைத் தேடித் தேடியே மெலிந்தாள்.

படிப்பு முடிந்ததும் கோலாலம்பூருக்குப் போனாள். கைப்பேசிக் கடை, ஓட்டல், போனில் பேசும் அலுவலகம் என்று ஏதேதோ வேலை. எந்த வேலையிலும் இரண்டாவது தீபாவளியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் பின்னால் வேறு வேறு சத்தம் கேட்கும். ஒருநாள் ரயில், ஒருநாள் பாத்திரம், ஒருநாள் மசூதிப் பாங்கு. "இப்ப எங்கடி இருக்க?" என்பதுதான் நாங்கள் அவளிடம் கேட்கும் முதல் கேள்வி.

துளசி செத்தபோதுதான் திரும்பி வந்தாள். இருளப்பனுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை, தொட்டியை முதுகில் சுமந்து மலை ஏறி இறங்கி எத்தனை வருஷம். காரியம் முடிந்தும் ரூபினி போகவில்லை. ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே வேலை தேடிக்கொண்டாள்.

என்ன வேலை என்று எனக்கு விளங்க வெகுநாள் ஆனது. திரிங்காப்பில் மகேஸ்வரன் பூத்தோட்டம் வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் அமிர்தலிங்கத்தின் முட்டைக்கோஸ் தோட்டம். கியா பார்ம் என்ற ஊரில் கங்கா ஸ்ட்ராபெரிக் கடை போட்டிருக்கிறாள். இவர்களுக்கு எல்லாம் எங்கிருந்தோ ஆர்டர் வரும். ரூபினி அதை வாங்கி, லோரி பிடித்து, சரக்கு எங்கே போகவேண்டும் என்று ஓட்டுநரின் போனுக்கு அனுப்புவாள். லயத்து வீட்டில் இருந்துகொண்டே ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சரக்கை ஓட்டினாள்.

உட்கார்ந்து செய்தால் அவள் ரூபினி இல்லையே. மேசைமேல் பிஸ்கட் டின்களை அடுக்கி, அதன்மேல் கணினியை வைத்து, நின்றபடி தட்டுவாள். நாலு வரி தட்டுவாள், வாசலுக்குப் போவாள், வானத்தைப் பார்ப்பாள், திரும்பி வந்து மூன்று விரலால் ஒரு வழி வழிப்பாள். உடனே திரையில் இருந்ததெல்லாம் ஓரமாய்ப் போய்ப் புதிதாய் ஒன்று வந்து நிற்கும்.

"என்னடி அது, படம் காட்டுறியா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை, இங்க பாருங்க. நம்ம லயம் மாதிரின்னு வச்சுக்குங்க. ஒரே கண்ணாடிக்குள்ள நாலு வீடு. மொத வீட்ல மகேஸ்வரன் அண்ணன் பூ. இப்பிடி வழிச்சா ரெண்டாவது வீடு, கோஸ். அடுத்தது கங்காக்கா ஸ்ட்ராபெரி. எது எங்க இருக்குன்னு கைக்கே தெரியும். பேரக்கூடப் படிக்க மாட்டேன்."

"நாலாவது?"

"அது எனக்கு" என்று சொல்லிவிட்டு அதைக் காட்டாமல் விரலை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கணினியில் ஒரு கோளாறு இருந்தது. அணைத்துவிட்டுத் திறந்தால் அவள் திறந்து வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் திரும்பி வரும், ஆனால் அவை அவை இருந்த வீட்டுக்குப் போகாது. நாலு வீட்டுச் சாமானும் முதல் வீட்டிலேயே வந்து குவியும். இவள் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப்போய் அதனதன் வீட்டில் விடவேண்டும்.

"ஒழுங்கா எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்குது அத்தை, எங்க இருந்துச்சுன்றத மட்டும் மறந்துடுது. ஒலகம் பூரா ஆளுங்க இன்டர்நெட்ல இதயே சொல்லிப் பொலம்புறாங்க. ஒருத்தனும் சரி பண்ண மாட்டேங்கிறான்."

அதனால் அவள் அதை அணைப்பதே இல்லை. மூடித் தூங்கத்தான் வைப்பாள். பேட்டரி கெட்டுப்போய்விட்டதால் வயரையும் பிடுங்க முடியாது. 'ஒரு தடவை என்னை அணைத்துத் திற' என்று கணினியே அவளைக் கேட்குமாம். பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்வதுபோல இவள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எதிர்வீட்டு ருக்குமணிக்கு இது பெரிய வேடிக்கை. "என்னடி ரூபினி, புள்ள தூங்குதா? சத்தம் போட்டுப் பேசலாமா?" என்று வாசலில் நின்று கேட்பாள்.

இந்த நேரத்தில்தான் வீட்டுப் பிரச்சினை வந்தது. லயத்து வீடு தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் இருக்கலாம். என் மகன் குகன் தேயிலை ஆலையில் இருப்பதால் எங்களுக்கு வீடு நிலைத்தது. இருளப்பன் வேலையை விட்டுவிட்டான், ரூபினி தோட்டத்து ஆள் இல்லை. வருஷம் முடிவதற்குள் வீட்டைக் காலி பண்ணித் தரவேண்டும் என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். குகன் தன் வீட்டுக்கு வரச்சொன்னான். இரண்டு அறையில் மருமகள், பிள்ளைகள், நான். "நான் எங்க படுக்க, அடுப்பு மேலயா?" என்று இருளப்பன் கேட்டான். பட்டணத்துக்கும் போகமாட்டேன் என்றான். மலையை விட்டு இறங்கினால் அவனுக்கு மூச்சு முட்டும்.

மகேஸ்வரனின் பூக்கொட்டகைக்கு மேலே ஒரு வீடு காலியாகக் கிடந்தது. ரூபினி அதைக் கேட்டாள். அவர் உடனே தரவில்லை. ஈப்போவில் ஒரு பெரிய கல்யாண வரவேற்பு, மண்டபத்து மேடை முழுக்க இவர் பூ. "இந்த வேலைய பிசகாம முடிச்சுக் குடும்மா. அப்பறம் ஆர்டர் எல்லாம் நிரந்தரமா உன் கையில, மேல்வீடு உங்கப்பாவுக்கு" என்றார். அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த இருளப்பன், ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது என்று ஏழெட்டுப் பேரிடம் சொல்லிவிட்டான்.

கல்யாணத்தன்று காலையிலேயே இரண்டு லோரிகள் திரிங்காப்புக்குப் போயின. ஒன்றில் பூ ஏற்றினார்கள், ஓட்டுகிறவன் காளியண்ணன். இன்னொன்றில் அமிர்தலிங்கத்தின் கோஸ், அதை ஓட்டுகிறவன் சுப்பன். பூ ஈப்போ மண்டபத்துக்கு, கோஸ் கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்கு. இரண்டும் ஒரே லோரிக் கம்பெனி. ஏற்றி முடித்த பிறகு ரூபினி போகுமிடத்தை அனுப்பினால்தான் கிளம்புவார்கள்.

மத்தியானம் மழை பிடித்தது. நான் அவள் வீட்டில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு மின்னல், கூடவே இடி. விளக்கு அணைந்தது. கணினியும் இருண்டது.

"ஐயோ" என்றாள் ரூபினி. 

மின்சாரம் சீக்கிரமே வந்துவிட்டது. கணினியும் எழுந்தது. அவள் சொன்ன மாதிரியே எல்லாம் முதல் வீட்டில் வந்து குவிந்தது. மழைக்கு அவசரமாய்க் கொடியிலிருந்து உருவி, நாலு வீட்டுத் துணியையும் ஒரே கட்டிலில் போட்டதுபோல் கிடந்தது. அவள் விரல் பறந்தது. ஒன்றை இழுத்து அந்தப் பக்கம், ஒன்றை இழுத்து இந்தப் பக்கம். கடல் படம் ஒன்று நடுவில் வந்து போனது. அதற்குள் போன்.

"தங்கச்சி, எங்க போறதுன்னு சீக்கிரம் அனுப்புலா! மழ வலுத்துச்சின்னா மண்ணு எறங்கிடும், ரோட்ட அடைச்சிடுவான்!" இது காளியண்ணன்.

"அனுப்புறேண்ணே, இதோ."

அந்தப் போன் வைப்பதற்குள் சுப்பன் இன்னொரு போனில். "ரூபினிம்மா, நான் கோஸோட கோஸா ஊறிக்கிட்டு இருக்கேன்."

அவள் நின்றாள், வழித்தாள், தட்டினாள், திரும்ப வழித்தாள், தட்டினாள். பிறகு பெருமூச்சு விட்டு வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். என்னவோ அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"என்னடி?"

"தெரியல அத்தை. எதயோ வச்சு மறந்த மாதிரி இருக்கு."

"நான் ஒரு தேத்தண்ணி போடவா?"

"வேணாம். போடுங்க."

தேத்தண்ணி கொதிக்கும்போது மகேஸ்வரன் போன் செய்தார். அவர் குரல் போனுக்கு வெளியே அடுப்படி வரைக்கும் கேட்டது.

"ரூபினி! ஈப்போலருந்து பொண்ணோட அப்பா கூப்பிடறாரு. 'மேடைக்குப் பூ கேட்டா, முட்டைக்கோஸ் ஏறி வந்துகிட்டு இருக்குன்னு போன்ல மெசேஜ் வருது. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் தலைக்கு மேல கோஸயா கட்டித் தொங்கவிடப் போறீங்க'ன்னு கேக்குறாரு. நான் என்னம்மா சொல்லட்டும் அவருக்கு?"

ரூபினி கணினிக்கு ஓடினாள். இரண்டு தோட்டத்துக்கும் லோரிக் கம்பெனியின் பக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே பச்சை, அதே கட்டங்கள். எந்தத் தோட்டம் என்பது மேல் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தைத்தான் அவள் என்றைக்கும் படிப்பதில்லையே. இன்று படித்தாள்.

"அத்தை" என்றாள். "வீடு மாத்தி வச்சிட்டேன்."

பூ வீட்டில் கோஸ் பக்கமும் கோஸ் வீட்டில் பூ பக்கமும் இருந்திருக்கின்றன. கையின் பழக்கத்தில் தட்டிவிட்டாள். கோஸ் கல்யாணத்துக்குப் போகிறது, பூ சந்தைக்குப் போகிறது. அதைவிடக் கொடுமை, ஓட்டுகிற இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. கல்யாணச் சமையலுக்குக் கோஸ் போவது உலக வழக்கம். சந்தைக்குப் பூ போவதும் அப்படித்தான்.

திரையில் அப்போதே திருத்தினாள். ஆனால் மலைச்சாலையில் போனுக்கு லைன் கிடைக்காது. கீழே போய்த்தான் செய்தி சேரும். சுப்பன் பார்ப்பான். காளியண்ணன் போனைப் பாட்டுக்கு வைத்துவிட்டு கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால், அப்புறம் தாப்பா தாண்டித்தான் நிற்பான். இரண்டு போனையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். உள்ளறையிலிருந்து இருளப்பன், "என்னம்மா, பூ போயிடுச்சா?" என்று கேட்டான்.  அவள் அப்படியே சுவரைப் பார்த்து நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"சிம்பாங் பூலாய் வழிதானே ரெண்டும் எறங்குது?" என்று கேட்டேன்.

"ஆமா."

"போன இப்பிடிக் குடு."

மலை இறங்கி முடியும் இடத்தில் தங்கம்மா கடை இருக்கிறது. தங்கம்மா என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மகள், சிம்பாங் பூலாயில் வாக்கப்பட்டவள். மூன்றாவது மணி அடிக்கும்போதே எடுத்தாள்.

"யாரு, சின்னம்மாவா? என்ன அதிசயம்! செத்தாத்தான் சொல்லி அனுப்புவீங்கன்னு நெனச்சேன்."

"அப்பறம் திட்டுடி. ரெண்டு லோரி வருது, நிறுத்தணும்."

"நான் என்ன போலீசா, லோரிய நிறுத்த?"

"சுப்பன் ஒன்னு, காளியண்ணன் ஒன்னு."

"சுப்பன் இங்கதான் பிரேக்கு ஆறவிட்டுத் தேத்தண்ணி குடிப்பான், பிடிச்சுக்கலாம். அந்தக் காளியண்ணன் இருக்கான் பாருங்க, என் கடையக் கண்டாலே எண்ணெய மிதிச்சுப் பறக்கிறான். அந்தக் காலத்துல என் மகளுக்கு அவன ஒரு வார்த்த கேட்டோம். அவ்வளவுதான். அவ கல்யாணம் கட்டிக் கிள்ளான்ல ரெண்டு புள்ளையோட இருக்கா, இவன் இன்னும் பயந்து ஓடுறான்!"

"எப்பிடியாச்சும் நிறுத்துடி. பூ ஈப்போவுக்குப் போகணும், கோஸ் கோலாலம்பூர் பாசாருக்குப் போகணும். என் தம்பி வீடு அதுலதான் இருக்கு."

"லோரியிலயா?"

"ஆமாடி, லோரியிலதான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மகேஸ்வரன் வண்டியோடு லயத்து வாசலுக்கே வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் இருளப்பன், "அக்கா, நீ கூடப் போ" என்றான். முன்னால் ரூபினி, பின்னால் நான். மழையில் வளைவு வளைவாக இறங்கினோம். ரூபினி சீட்டில் உட்காரவே இல்லை என்று சொல்லவேண்டும், நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு லோரிப் பின்பக்கத்தையும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் மகேஸ்வரன் கேட்டார். "லோரிக் கம்பெனிக்காரன் பண்ண கூத்தா இது? சொல்லு, அவன ஒரு கை பாத்துர்றேன்."

அவர் அப்படி நினைத்திருக்கிறார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. பழி அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நான் பின்னாலிருந்து அவள் தோளை அழுத்தினேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

"இல்லண்ணே. நான்தான். கரண்டு போயி கம்பியூட்டர் நின்னுடுச்சு. திரும்ப வரும்போது எல்லாம் எடம் மாறி வந்துச்சு. நான் பேரப் படிக்காம தட்டிட்டேன்."

"எடம் மாறி வருமா?"

"ஒவ்வொரு தடவையும் வருண்ணே. இனியும் வரும்."

மகேஸ்வரன் வண்டியை ஒரு வளைவில் ஒடித்துத் திருப்பினார். "இத ஏன்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வேல குடுப்பீங்களா?"

 "பெரியம்மா, உங்க மருமகளுக்கு வாய் மட்டும் எடம் மாறவே இல்ல" என்று மகேஸ்வரன் என்னிடம் சொன்னார். அது கோபமா வேடிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. 

தங்கம்மா கடைக்கு முன்னால் ரோட்டில் பச்சைக் கிளைகள் கிடந்தன. எங்கள் மலைச்சாலையில் லோரி பழுதாகி நின்றால் பின்னால் கிளையை ஒடித்துப் போடுவார்கள். அதைப் பார்த்தால் எந்த ஓட்டுநரும் நிற்காமல் போகமாட்டான், நாளைக்குத் தனக்கும் அந்தக் கதிதானே. தங்கம்மா சுப்பனைப் பிடித்து, ஓடாத லோரி மாதிரி அவன் லோரியை ஓரமாகச் சாய்த்து நிறுத்த வைத்து, கடைக்குப் பின்னால் நின்ற பலாமரத்தில் கிளை ஒடித்துப் போட்டிருக்கிறாள். காளியண்ணன் வந்தான், கிளையைப் பார்த்தான், நின்றான். இறங்கினால் எதிரே தங்கம்மா.

"ஏறி ஓடிடப் பாத்தான் சின்னம்மா! 'டேய், மருமகனா வரவேணாம், பூவக் கொண்டுபோயி ஈப்போவுல எறக்குடா'ன்னு கத்தினேன். அப்பறம்தான் அவனுக்கு உசுரே வந்துச்சு" என்று தங்கம்மா சிரித்தாள்.

நாங்கள் போனபோது இரண்டு லோரியும் கிளம்பியிருந்தன, சரியான திசையில். சுப்பன் இரண்டு கோஸை மட்டும் கடை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். 'கல்யாணத்துக்கு மொய்' என்று சொல்லச் சொன்னானாம். ரூபினிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈப்போ மண்டபத்துக்குப் போனபோது நாற்காலி எல்லாம் போட்டிருந்தார்கள். மேடை மொட்டையாக நின்றது. காளியண்ணன் வாளி வாளியாக இறக்கிக்கொண்டிருந்தான். ரூபினி யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கினாள். மகேஸ்வரன் தோட்டத்து ஆட்கள் ஏணியில் ஏறிக் கட்ட, இவள் கீழே நின்று எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காம்பு கிள்ளினேன். முன்வரிசை நிரம்பிவிட்டது. வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிச் சரத்தைக் கட்டினார்கள். பூ வந்து சேர்ந்தது, ஆனால் வந்து சேர்ந்த அவசரம் எல்லாருக்கும் தெரிந்தது. பெண்ணின் தகப்பனார் மகேஸ்வரன் பக்கத்தில் வந்து, "கோஸ் எங்க சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். மகேஸ்வரன் கழுத்து வரைக்கும் சிவந்துபோனார்.

அதன்பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. போனும் இல்லை, ஆர்டரும் இல்லை. ரூபினி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். கணினியை மூடுவாள், திறப்பாள், முதல் வீட்டைப் பார்ப்பாள். பூப் பக்கத்தில் புதிதாக எதுவும் வந்திருக்காது. "தரை தேயுதுடி, வீட்டக் காலி பண்ணும்போது கிராணி கேப்பாரு" என்றாள் ருக்குமணி. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  இருளப்பன் துளசியின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, துணியால் துடைத்து, திரும்ப மாட்டினான். மறுநாளும் இறக்கினான், துடைத்தான். மூன்றாவது தடவை ரூபினி அதை அவன் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "அப்பா, வருஷம் முடிய இன்னும் நாள் இருக்கு" என்றாள்.

ஒருநாள் மகேஸ்வரன் நேரிலேயே வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், பிஸ்கட் டின் மேல் இருந்த கணினியையே பார்த்தார்.

"இதுதானா அது?"

"இதுதாண்ணே."

"பூவுக்குக் குளிர் அறை இருக்குல்ல, அதுக்காக என் கொட்டகையில ஜெனரேட்டர் ஓடுது. கரண்டு போனாலும் லைட்டு அணையாது. நீ அங்க வந்து உக்காரு. என் கண்ணு முன்னால. உக்காந்து செய்யணும், இப்பிடி நடந்துகிட்டு இல்ல. என் பூ மட்டும்தான். ஒரு கண்ணாடியில ஒருத்தன் சரக்கு. கோஸும் வேணாம், ஸ்ட்ராபெரியும் வேணாம். சம்மதம்னா மேல்வீட்டுச் சாவி இருக்கு."

ரூபினி கேட்டாள். "ஏண்ணே திரும்பவும் எனக்கு?"

"லோரிக் கம்பெனிக்காரன்னு நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அவனோட சண்டைக்குப் போயி அசிங்கப்பட்டிருப்பேன். அதுக்குத்தான்" என்றார். "ஆனா கோவம் இன்னும் போகல, அதயும் சொல்லிர்றேன்."

அவள் உடனே சரி சொல்லவில்லை. வாசலுக்குப் போனாள். லயத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். கோலாலம்பூரில் எத்தனை இடத்தில் 'நான் போறேன்' என்று சொல்லிவிட்டு வந்தவள். மூன்று பேருக்கு வேலை பார்த்ததே, ஒன்று சலித்தால் இன்னொன்றுக்கு வழித்துக்கொண்டு போகலாம் என்றுதான். உள்ளே இருளப்பன் இருமினான். அவள் திரும்பி வந்து, "சாவியக் குடுங்கண்ணே" என்றாள்.

அமிர்தலிங்கத்துக்கு வேறு ஆள் கிடைத்தது. கங்கா தானே கற்றுக்கொண்டு அவள் ஆர்டரை அவளே பார்க்கிறாள், தப்பு வந்தால் ரூபினிக்குப் போன் போட்டுத் திட்டுகிறாள். லயத்து நாலாவது வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. நாங்கள் அதை இன்னும் இருளப்பன் வீடு என்றுதான் சொல்கிறோம்.

சென்ற மாதம் திரிங்காப்புக்குப் போயிருந்தேன். கொட்டகையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது. முழுநேரமும் அதைக் காலால் தள்ளி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தாள், தொட்டில் காலத்திலிருந்து அந்தக் கால் மாறவில்லை. எதைத் தட்டுவதற்கு முன்னும் மேல் மூலையில் விரலை வைத்து, பெயரை வாய்விட்டுப் படிக்கிறாள். ஜெனரேட்டர் இருந்தும் அப்படித்தான்.

"இப்ப ஒரே வீடுதானா?" என்று கேட்டேன்.

அவள் மகேஸ்வரன் வெளியே போய்விட்டாரா என்று பார்த்தாள். மூன்று விரலால் ஒரு வழி வழித்தாள். அந்தக் கடல் படம் வந்தது, அன்று எனக்குக் காட்டாத நாலாவது வீடு. நீலமாக, கப்பலோடு. பினாங்கில் ஏதோ துறைமுக அலுவலக வேலையாம். விண்ணப்பம் பாதி நிரப்பியது, எப்போதோ நிரப்பியது.

"இது மட்டும் எத்தன தடவ அணைச்சுத் தொறந்தாலும் மொதல்ல வந்து நிக்குது அத்தை. நான் திரும்பத் திரும்ப இழுத்து இங்க விடறேன்."

"மூடிடேன்."

"மூடலாம்" என்றாள். மூடவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பூப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டாள். மேலே இருளப்பன் ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

ரூபினி இப்போது திரிங்காப்பில், மகேஸ்வரனின் பூக்கொட்டகைக்கு மேலே உள்ள வீட்டில் அவள் அப்பாவோடு இருக்கிறாள்.